ஆறாவது வாரத்தின் கட்டம்

காரட் கடிக்கும் சத்தம் நின்றுபோய் நாலு நாளாகிறது என்பதை அன்று மதியம்தான் அவள் கவனித்தாள். முதல் வாரம் அவள் கணவன் ஒரு காரட்டைக் கடித்தால் தெருவில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். இப்போது தட்டு காலியாகிறது. சத்தம் மட்டும் இல்லை.

எல்லாம் அவள் கைங்கரியம். அவனுக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிவிட்டது, இப்படியே போனால் காலுக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்ன அன்றே அட்டவணை போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினாள். முதல் வாரம் காலைச் சாப்பாடு மட்டும் பச்சையாக. அடுத்த வாரம் இரவும். பிறகு மதியமும். நாலில் டீ, காபிக்குத் தடை. ஐந்தில் அடுப்பே பரணேறியது. ஆறுக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் கட்டத்தைக் காலியாக விட்டாள். அடியில் கொட்டை எழுத்தில் ஒரு விதி: ‘அடுப்பைக் காணாதது எதுவானாலும் சரி. பத்து நிமிடத்துக்குள் சாப்பிட்டால் உத்தமம்.’ கீரை, காய் என்று எழுதியிருக்கலாம். அவசரக்காரி, ‘எதுவானாலும்’ என்று எழுதித் தொலைத்தாள்.

சர்க்கரை இறங்கியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பல்செட் செய்வது அவன் தொழில். பின்னறையில் பல்லைத் தேய்க்கும் மோட்டார் நாள்முழுக்க ரீங்கரிக்கும். மெழுகும் பிளாஸ்டர் தூளும் கலந்த வாசனை வீடெங்கும் படிந்திருக்கும். நாலு நாளாக அந்த வாசனைக்கு அடியில் இன்னொன்று, நனைந்த இரும்பு போல. போன வாரம் அவள் வாயிலும் அச்செடுத்தான். “அசையாம கடி. சும்மா, அளவுக்கு.”

வாஷிங்மெஷின் மெக்கானிக்கான அவள் தம்பி பையோடு வந்து நின்றான்.

“ஏங்க்கா, இந்த வீட்ல ஒரு டீக்குக்கூட வழியில்லையா? மாமாவுக்கு இன்னும் வால் முளைக்கல?”

“வாயை மூடுடா. அவர் காதுல விழும்.”

“விழட்டும். மாமா! புல்லுக்கட்டு கொண்டு வரவா?” சிரித்துக்கொண்டே பின்னறைக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது.

அவள் வெள்ளரிக்காய் நறுக்கினாள்.

மோட்டார் நின்றது.

ஸ்பானர்கள் தரையில் சிதறும் ஓசை. கனமாக ஏதோ விழுந்தது. “அக்...” பாதிச் சொல். பிறகு கடிக்கும் சத்தம். மொறுமொறுப்பில்லை. ஈரம்.

ஓடத் திரும்பியவள் கண்ணில் ஃபிரிட்ஜ் பட்டது. ஆறாவது கட்டம் நிரம்பியிருந்தது. கணவனின் பொடி எழுத்து.

‘மச்சான். மதியம் ஒரு மணி.’

கடிகாரத்தில் ஒன்று நாலு.

கதவைத் தள்ளினாள்.

வெள்ளைத் தூள் தரை. அதில் சிவப்பு, சுவர்வரை. தம்பியின் கழுத்து இருந்த இடத்தில் பெரிய கிழிசல். கணவன் மண்டியிட்டிருந்தான். சொந்தப் பல்லின்மேல் மாட்டிய எஃகுப் பற்கள், ஒவ்வொன்றும் ஊசிமுனை. விருந்தாளி வந்தால் துடைப்பதுபோல முகவாயைத் துடைத்துக்கொண்டான்.

“வந்துட்டியா? உட்காரு. இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு.”

தம்பியின் கண் அவளையே பார்த்தது. குதிகால் தரையைத் தட்டிக்கொண்டேயிருந்தது.

பக்கத்தில் இன்னொரு தட்டு. அதில், கழுவித் துடைத்து, அவள் வாய் அளவுக்கே செய்த பல்செட்.