சீட்டில்லாத மாத்திரை

ஹேமாவதி பின்னாலிருந்து கொண்டையைப் பிடித்து இழுத்தபோது கஸ்தூரி உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். பானை சரிந்து கொதிநீர் முழங்காலில் கொட்டியது. அடுப்புக்குள் தலை போகாமல் தப்பியது யார் செய்த புண்ணியமோ.

"எம் புருசன சாவடிக்கப் பாத்தியேடி. உன் கையால சோறு துன்னு வளந்தவன் அவன். அவனுக்குப் போய் அந்த மாத்திர குடுக்க உனக்கு எப்டி மனசு வந்துச்சு?"

ஹேமாவதி வீட்டின் சின்ன மருமகள், கஸ்தூரி பெரியவள். பொன்னேரி ஆஸ்பத்திரியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து தோணிரேவுக்கு வந்திருந்தாள். அவள் புருஷன் பிரதாப் நேற்று வலை கட்டப் போன இடத்தில், தோணியில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்து ஏரியில் விழுந்துவிட்டான். கூட இருந்தவர்கள் தூக்கித் தோணியில் போட்டுக் கரை சேர்த்தார்கள். இன்னும் கண் திறக்கவில்லை. தோணிப் பெட்டியில் கிடந்ததென்று கூட வந்தவர்கள் காட்டிய மாத்திரை அட்டையைப் பார்த்த டாக்டர், சீட்டு இல்லாமல் யாரும் விற்கவே கூடாத வலி மாத்திரை ஆச்சே, எவன் கொடுத்தான் என்று சத்தம் போட்டாராம். அட்டை வந்த கவரின் மேல் கஸ்தூரியின் பேர் இருந்தது.

கஸ்தூரி நிமிர்ந்து தன் புருஷனைப் பார்த்தாள். வாசலில் நின்ற நாகப்பன் உள்ளே வந்து அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தான்.

"என்ன இன்னாத்துக்குப் பாக்குற? எனக்கு இன்னா தெரியும்?"

உதடு கிழிந்து ரத்தம் தாடையில் இறங்கியது. தெரியாதாம் அவனுக்கு. அவனுக்குத் தெரியாமல் வேறு எவனுக்குத் தெரியும்?

போன வருஷம் அவன் காலில் திருக்கை மீனின் முள் குத்தியது. புண் ஆறியது, வலி ஆறவில்லை. அரசாங்க டாக்டர் கொஞ்ச நாள் மாத்திரை எழுதிக் கொடுத்தார், பிறகு போதும் என்று நிறுத்திவிட்டார். நாகப்பன் போனில் தேடி ஒருத்தனைப் பிடித்தான். சீட்டு கேட்க மாட்டான், எத்தனை அட்டை கேட்டாலும் அனுப்புவான். கூரியர்காரன் ஊருக்குள் வர மாட்டான் என்பதால் நாகப்பன் கஸ்தூரியின் பேரையும் நம்பரையும் கொடுத்தான். மீன் கூடையோடு பழவேற்காடு கடைத்தெருவுக்குப் போகிறவள், திரும்பும்போது கவரை வாங்கி வருவாள்.

"சீட்டு கேக்காம அனுப்புறானே, இது தப்பாவப் போவுதுயா," என்று அவள் ஒருதரம் சொன்னாள்.

"தப்புனா போன்ல விப்பானா? சீட்டு கேக்காதவன் தான்டி நல்லவன்," என்று சிரித்தான். வலிக்காகத் தின்றவன் பிறகு மாத்திரைக்காகவே தின்ன ஆரம்பித்தான்.

அதையாவது மடியில் முடிந்து வைத்துக்கொண்டானா? தோணியில் ஏறியது எதுவானாலும் எல்லாருக்கும் பங்கு. கஞ்சியானாலும் சரி, வெற்றிலையானாலும் சரி, ஒளித்துத் தின்கிறவன் தோணிக்கு மீன் படாது என்பார்கள். அந்த வழக்கப்படி அட்டையைப் பொதுப்பெட்டியில் போட்டான். தோள் வலிக்கிறது என்ற தம்பியிடம் எடுத்துக்கோ என்றான். மீனில் பங்கு கேட்கலாம், மாத்திரையில் பங்கு கேட்டால் எமன்தான் வருவான்.

இதையெல்லாம் ஒரு வாய் திறந்து கொட்டிவிட்டால் கஸ்தூரியின் பழி தீர்ந்தது. ஆனால் ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைக்கும் பாடு குலுக்கல் நெருங்கிவிட்டது. போதையோடு தோணி ஏறினவன் குடும்பத்துக்கு அந்த வருஷம் பாடு கிடையாது, அது ஊர்க்கட்டு. விடிகாலையில் நாகப்பன் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். பாடு போனால் தம்பி குடும்பமும் சேர்ந்து பட்டினி கிடக்கும் என்றான். அவளும் தலையாட்டிவிட்டாள். பாவி மகள்.

"நான் தான் வாங்குனேன்," என்றாள் கஸ்தூரி.

உச்சி வெயிலில் ஊர்த்தலைவர் சின்னதம்பி நாலு பேரோடு வந்து நின்றார். போனில் விற்கிறான் என்றால் சட்டம் அனுமதிப்பதுதானே என்று ஒருத்தன் கேட்டான்.

"போன்ல வாங்குறது தப்பு இல்லயாம்," என்றாள் ஹேமாவதி. "டாக்டர் சீட்ட காட்டணுமாம், லைசென்ஸ் உள்ள கடைக்காரன் அத பாத்துட்டு குடுக்கணுமாம். இது திருட்டு மாத்திர. டாக்டரு போலீசுக்கும் எழுதிப் போட்டுட்டாரு."

சின்னதம்பி காறித் துப்பினார். "பொம்பள பண்ணதுக்கு ஆம்பளயோட பாடு போவாது. ஆனா இவ இனிமே இங்க இருக்கக் கூடாது. நாகப்பா, பொழுது சாயறதுக்குள்ள அவ அம்மா வூட்டுக்கு அனுப்பிடு."

நாகப்பன் தலையைக் குனிந்துகொண்டே சரி என்றான். கஸ்தூரிக்கு அறை வாங்கியபோது வராத அழுகை அப்போது வந்தது. இந்த வீட்டுக்கு வந்தபோது பிரதாப் அரை டவுசர் போட்ட பிள்ளை. அவனுக்குச் சோறு ஊட்டினாள், அவன் கல்யாணத்துக்குத் தன் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்தாள். புடவைகளைப் பையில் திணித்தாள்.

வந்தவர்கள் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார்கள். பரணிலிருந்து தகர டப்பா உருளும் சத்தம் கேட்டது. நாகப்பன் வேர்த்து ஊற்ற, பல் கிடுகிடுக்க, டப்பா டப்பாவாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க வெச்ச? இங்க தான இருந்துச்சு?"

"நான் தான் அடுப்புல போட்டேன்," என்றாள் ஹேமாவதி. "அந்தச் சனியன இன்னும் வூட்ல வெச்சிக்கணுமா?"

நாகப்பன் முகம் மாறிப்போனது. மூலையில் சாத்தியிருந்த, தோணி தள்ளும் கழியை எடுத்தான். முதல் அடியில் சட்டிகள் சிதறின. அடுத்த அடி ஹேமாவதியின் தலைக்குத்தான் வந்தது. கஸ்தூரி குறுக்கே பாய்ந்து கையைக் கொடுத்தாள். எலும்பு முறிந்த சத்தம் தெருமுனையில் இருந்தவர்களுக்கே கேட்டது.

"எம் மாத்திரடி அது," என்று அவன் அலறினான். "நான் போன்ல சொல்லி வாங்குன எம் மாத்திர. அத எரிக்க நீ யாருடி?"

கழி மறுபடி ஓங்குவதற்குள் ஆட்கள் ஓடிவந்து அவனை மண்ணில் அமுக்கினார்கள். சின்னதம்பி அவன் நெஞ்சில் முழங்காலை வைத்து, "இன்னாடா சொன்ன? இன்னொரு தபா சொல்லு," என்றார். நாகப்பன் வாயில் நுரை தள்ள, குழந்தை மாதிரி விம்மினான்.

ஹேமாவதி மண்டியிட்டாள். காலையில் தான் பிடித்து இழுத்த தலைமுடி கஸ்தூரியின் முகத்தில் ரத்தத்தோடு ஒட்டிக் கிடந்தது. அதை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

"ஏங்கா சொல்லல? அவ்ளோ அடிச்சேனே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா பாடு பூடும். நீங்க இன்னாத்த துன்னுவீங்க?"

ஹேமாவதி தலையில் அடித்துக்கொண்டு கஸ்தூரியின் காலில் விழுந்தாள்.

எல்லாரையும் ஒரே வேனில் பொன்னேரிக்கு ஏற்றிப் போனார்கள். நாகப்பனைக் கட்டிலோடு கட்டி வைக்க வேண்டியிருந்தது. கஸ்தூரிக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் அவள் இந்தத் தடவை மறைக்கவில்லை.

"பேரு என்னுது. வாங்குனது அவரு. சீட்டு இல்லாத மாத்திரனு தெரிஞ்சே போய் எடுத்துக்கினு வந்தது நானு. எனக்கு உண்டானத எழுதிக்கோங்க சார். அனுப்பி வெச்சவன் நம்பரு இந்தப் போன்ல கீது. மொதல்ல அவன புடிங்க."

சாயங்காலம் பிரதாப் கண் திறந்தான். பெண்டாட்டியைத் தாண்டி அவன் கண் தேடியது. "அண்ணி," என்றான். கஸ்தூரி நல்ல கையால் அவன் நெற்றியைத் தடவினாள்.

நாகப்பன் எதிர்க் கட்டிலிலிருந்து, "கஸ்தூரி, தண்ணி," என்று முனகினான். அவள் எழுந்து போய்ப் புகட்டினாள்.

"குடி. மருந்து வேணும்னா இனிமே டாக்டரு குடுக்கணும். ஒடம்பு தேறி ஒயுங்கா வந்தா வூடு கீது. அது வரிக்கும் நீ இங்க, நாங்க அங்க."

வாசலில் நின்ற சின்னதம்பி தொண்டையைச் செருமினார். "கட்டு கட்டு தான்மா. இந்த வருசம் உங்க வூட்டுக்குப் பாடு இல்ல. உன்ன போவச் சொன்னத மட்டும் மனசுல வெச்சிக்காத." அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். அவரும் நிற்காமல் போனார்.

"ஏரில எறங்கி எறா தடவலாம்க்கா," என்றாள் ஹேமாவதி.

வலை கட்டும் வீட்டுப் பெண்கள் கையால் இறால் தடவினால் ஊர் சிரிக்கும். கஸ்தூரி மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"இத வெச்சிக்கினா?"

"உனக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டு," என்றாள் ஹேமாவதி. "மூணு கை போதாதாக்கா?"

கஸ்தூரி இருந்த ஒரு கையால் அவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.