நண்டுக்குள் இருந்த ஆசனிக்

மழைக்கு ஒதுங்கத்தான் யூஜினி அந்தக் கரையோர நண்டு வாடிக் கொட்டிலுக்குள் ஓடி நுழைந்தாள். உள்ளே நின்றவன் அவள் கையிலிருந்த மாதிரிப் போத்தல்களைப் பார்த்ததும் முகம் சுளித்தான்... அந்தக் கோபத்திலும் கண்கள் மட்டும் எவ்வளவு அழகு என்று நினைத்து, அவள் தன்னையே கடிந்துகொண்டாள்.

"எங்கட நண்டுல நஞ்சு இருக்கெண்டு சொல்ல வந்தது நீங்கதானே?"

அவன் ஜெனிஸ்டன். பள்ளிவாசல்துறை நண்டையெல்லாம் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்புகிறவன். ஆசனிக் என்கிற நச்சுப்பொருள் கூடுதல் என்று ஏற்றுமதிக் கம்பனியொன்று அவனது லொறியைத் திருப்பிவிட்டிருந்தது. அன்றிலிருந்து கரையில் பாதிப்பேர் வலையைச் சுருட்டிவிட்டார்கள்.

பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலிருந்து வருவதாகச் சொன்னாள் யூஜினி. ஆசனிக் எல்லாமே நஞ்சில்லை. நண்டில் பெரும்பாலும் இருப்பது கரிமத்தோடு சேர்ந்த சேதன ஆசனிக், அது உடம்பில் தங்காமல் போய்விடும். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவே வந்தேன் என்றாள். அவன் நண்டு தர மறுத்தான்.

"நீங்க எழுதிட்டுப் போயிருவீங்க. நாங்க எங்க போற?"

கேள்வி சுட்டது. "எங்கட அப்பாவும் சிலாபத்துல கடலுக்குப் போறவர்தான்," என்றாள். "நஞ்செண்டா நஞ்செண்டு சொல்லுவன். இல்லாததை இருக்கெண்டு சொல்ல மாட்டன்."

அவன் சில நண்டுகளை ஐசில் வைத்துக் கட்டிக் கொடுத்தான். சிரிக்கவில்லை... ஆனால் பஸ் வரும்வரை குடை பிடித்தான்.

ஆய்வுகூடத்தில் நண்டுச் சதையைக் கரைத்த கரைசலுக்குள் தங்க மின்வாயை இறக்கினாள். நச்சு ஆசனிக் இருந்தால் திரையில் கோடு மேடாக எழும்பும். பார்த்துக்கொண்டே இருந்தாள்... கோடு எழவில்லை. புறஊதா ஒளியில் சேதனச் சேர்வைகளை உடைத்து மறுபடி அளந்தாள். இப்போது, உடைந்து வெளிப்பட்ட ஆசனிக்கால் மேடு எழுந்தது. கம்பனி கண்ட ஆசனிக் முழுவதும் தீங்கில்லாததுதான். எல்லா நண்டிலும் அப்படியே. கதிரையில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவளது பேராசிரியர் உறுதிசெய்து அனுப்பிய முடிவைக் கம்பனி ஏற்றுக்கொண்டது. அதை அவனிடம் சொல்ல அவள் புத்தளம் பஸ் ஏறினாள்.

செய்தியைக் கேட்ட ஜெனிஸ்டன் வெறும் பெட்டியொன்றின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நீண்ட மூச்சு விட்டான். முதல்நாள் கதைத்த கதைக்கு மன்னிப்புக் கேட்டான். பிறகு மெல்ல நிமிர்ந்தான்.

"இதைப் போன்லயே சொல்லியிருக்கலாமே..."

"ஓம்... சொல்லியிருக்கலாம்." அவள் பார்வை கடலுக்குப் போனது. "போன்ல உங்கட முகம் தெரியாதே."

அவன் காது சிவந்தது.

"நஞ்செண்டு வந்திருந்தாலும் நான் உங்களத் தேடி வந்திருப்பன்..." என்றான். "சண்டை பிடிக்கிற சாட்டிலயாவது."