ஆறாவது இன்னிங்ஸில் சரிந்தவன்

"ஐயோ... லெம்!"

டிரெஸ்ஸிங் ரூமிலிருந்து அலறல்!

1931, அமெரிக்கா. டொலீடோ ஃபால்கன்ஸ் பேஸ்பால் டீம் இன்னொரு மேட்ச்சையும் கோட்டை விட்டிருந்த சாயங்காலம். கேலரியில் உட்கார்ந்து தொண்டை வலிக்க லெம்மைத் திட்டித் தீர்த்திருந்த போலீஸ் டிடெக்டிவ் ஹேக்தான் முதலில் ஓடினார்.

குளியலறைத் தரையில் கிடந்தான் லெம் கார்வர். ஃபால்கன்ஸுக்குப் பந்து வீசும் நம்பர் ஒன் பிட்சர். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ரத்தம் தோய்ந்த பேட்.

அவன் தலையை மடியில் வைத்துக் கதறிக்கொண்டிருந்தான் ஓட்டிஸ் ப்ரில். லெம் வீசும் பந்துகளை வருஷக்கணக்காகப் பிடித்த கேட்சர்.

"யார் செஞ்சிருப்பா, ஓட்டிஸ்?"

"சூதாட்டக்காரங்கதான் சார்! காசு வாங்கிட்டு மேட்ச்சை வித்துட்டான். ஊரே சொல்லுதே! போன வருஷம் மேட்ச்சுக்கு ரெண்டு ரன்கூட குடுக்காதவன்... இந்த வருஷம் ஆறு குடுத்தான்!"

"அந்த ஆறும் எப்பப் போச்சு?"

"சார்...?"

"பேப்பர்ல தினம் படிக்கிறேனே! முதல் அஞ்சு இன்னிங்ஸ் ஒருத்தனாலயும் அவனைத் தொட முடியல. ஆறாவதுலதான் சரிவு. எல்லா மேட்ச்லயும்! விக்கிறவன் இப்படியா மணி அடிச்ச மாதிரி விப்பான்?"

போலீஸ் டாக்டர் வந்தார். லெம்மின் சட்டையை விலக்கியவர், அதிர்ந்தார்.

"ஹேக்... இதைப் பாருங்க!"

வலது தோள் முழுக்க ஊசி குத்திய தடங்கள்!

"தசைநார் கிழிஞ்சு ரொம்ப நாளாச்சு. மரத்துப்போற மருந்தை ஏத்திக்கிட்டு வீசியிருக்கான். ஒரு மணி நேரம், அதாவது அஞ்சு இன்னிங்ஸ் தாங்கும். அப்புறம் கையைத் தூக்கறதே நரகம்!"

வாசலில் நின்ற மேனேஜர் கோல்பர்ன் தொப்பியைக் கழற்றினார்.

"அடப்பாவி... அதனாலதானா!"

"என்ன கோல்பர்ன்?"

"ஓட்டிஸுக்கு முட்டி போச்சு. அனுப்பிடலாம்னு இருந்தோம். 'அவன் இல்லேன்னா நான் வீச மாட்டேன். அவன் பொண்டாட்டி நிறைமாசம்... வேலை போனா தர்ம சூப்புக்கு வரிசைல நிக்க வேண்டியதுதான்'னு லெம் ஒத்தக்கால்ல நின்னான். லெம் ஆடுற வரைக்கும்தான் ஓட்டிஸுக்கு வேலை!"

ஓட்டிஸின் அழுகை சட்டென்று நின்றது.

"ஏன்டா..." மடியிலிருந்த தலையை உலுக்கினான். "ஏன்டா சொல்லல? வித்துட்டியாடான்னு கேட்டேனே! திரும்பத் திரும்பக் கேட்டேனே!"

ஹேக் மெல்லக் குனிந்தார்.

"கேட்டதுக்கு?"

"பதிலே சொல்லாம குளிக்கத் திரும்பினான் சார். பேட்... என் கையில இருந்துச்சு..."

ஷவர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஓட்டிஸ் தானாகவே கைகளை நீட்டினான். லெம்மின் பந்துகளைப் பிடித்துப் பிடித்துக் கோணிப்போன விரல்கள். ஹேக் விலங்கை மாட்டினார்.

வெளியே நிருபர்கள் மொய்த்தார்கள்.

"சார், நாளைய பேப்பருக்கு ஒரு வரி!"

ஹேக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எந்தத் தோல்வியையும் பிட்சர் கணக்குலதானே எழுதுவீங்க? இது ஒண்ணையாவது... கேட்சர் கணக்குல எழுதுங்கய்யா!"