பாலத்தில் சொல்லாதது

நண்பகல் வெயிலில் படகின் மேல்தளம் கால் வைக்க முடியாமல் கொதித்தது. தாவோன் முகப்பில் படகைக் காக்கும் தெய்வமான மே யானாங் தாய்க்குக் கட்டியிருந்த வண்ணத் துணிகளைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கருவிப்பெட்டியோடு எஞ்சின் அறைக்குள் இறங்கினான். அந்தக் கால்வாய்முகத்தில் எந்தப் படகு இருமினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இன்றைக்கு மட்டும் அவனுக்கு வர மனமில்லை.

படகுக்காரி நுவான் மேலேயிருந்து குனிந்து விவரம் சொன்னாள். எஞ்சினைக் குளிரவைக்க ராத்திரி நிரப்பி வைத்த பச்சைநிறக் கூலண்ட் காலையில் காலியாகிவிடுகிறதாம், எஞ்சினை ஓட்டாமலேயே. சாயங்காலம் அவள் புருஷன் ஆட்களோடு கடலுக்குப் போகிறான். நடுக்கடலில் எஞ்சின் சூடேறி நின்றால் என்னவாகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போன மழைக்காலத்தில் அவள் தம்பி சனித் வேலை பார்த்த படகு அப்படி நின்றுதான் புயலில் கவிழ்ந்தது. எஞ்சின் அறையில் மாட்டிக்கொண்ட சனித் மூடிப்பலகையைத் தட்டிக்கொண்டே செத்துப்போனான்.

"உங்க கை பட்டா சரியாயிடும்ணே," என்றாள்.

அந்த நம்பிக்கை அவனுக்கு நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

உள்ளே டீசலும் பழைய மீன் வாடையும் மூச்சை அடைத்தன. தாவோன் ஓஸ் பைப்புகளையும் கிளிப்புகளையும் துடைத்துக் காயவைத்து, இணைப்புகளில் எல்லாம் முகப்பவுடர் தூவினான். ஒரு சொட்டு கசிந்தாலும் பவுடர் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு தொட்டியை நிரப்பி, கைப்பம்பால் காற்றடித்து அழுத்தம் ஏற்றினான். அழுத்தமானியின் முள் இறங்காமல் நின்றது. ஆயில் அளவு காட்டும் கம்பியை உருவிப் பார்த்தான். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால்காப்பி நிறத்துக்குத் திரும்பியிருக்கும். அதுவும் சுத்தமாக இருந்தது.

தனியாகக் கழற்றிச் சோதிக்கப் பாக்கி இருந்தது கூலர் மட்டும்தான். ஒரு உருளைக்குள் செப்புக் குழாய்களை அடுக்கியிருக்கும். குழாய்க்குள் கடல்நீர் ஓடி, சுற்றிலும் நிற்கும் கூலண்டைக் குளிரவைக்கும். குழாயில் ஊசித்துளை விழுந்தால் கூலண்ட் சத்தமில்லாமல் கடலுக்குப் போய்விடும்.

அந்தக் கூலரைத்தான் அவன் கடைசிவரை தொடாமல் இருந்தான்.

அது முன்பு சனித் செத்த படகில் இருந்தது. ஆளை விழுங்கிய படகிலிருந்து ஓர் ஆணியைக்கூட எடுக்கக் கூடாது. உறவுக்காரர்கள் பிக்குவோடு வந்து, செத்தவனைப் பேர்சொல்லிக் கரைக்கு அழைத்த பிறகுதான் இரும்பில் கை வைக்கலாம். தாவோனுக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் கவிழ்ந்த படகைக் கரைக்குத் தூக்கிய அன்று, அவர்கள் வருவதற்குள் கழற்றிவிட்டான். நல்ல செப்பு, மண்ணாய்ப் போகப்போகிறதே என்ற ஆசை. பிறகு, டவுனில் வாங்கியது என்று சொல்லி அதை நுவானின் படகிலேயே மாட்டினான்.

அவன் கழற்றிய அன்றைக்கே நுவான் கரைச் சேற்றில் நின்று தம்பியைக் கூவிக்கூவி அழைத்தாள். கொளுத்திய ஊதுவத்தி அணைந்து அணைந்து போயிற்று. அந்த வேலையில் சேர்த்துவிட்டது நான்தானே, அதனால்தான் அவன் வரமாட்டேன் என்கிறான் என்று அன்றிலிருந்து அவள் அழாத நாளில்லை. கூட்டத்தில் நின்ற தாவோன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

இப்போது வேறு வழியில்லாமல் கூலரைக் கழற்றி, அதன் இரண்டு வாயையும் அடைத்து, தண்ணீர் வாளியில் அமுக்கிக் காற்றடித்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. அப்படியென்றால் தண்ணீர் எங்கே போகிறது?

டொக்.

கை அப்படியே நின்றது. படகு துறையின் மரத்தூணில் இடிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

டொக். டொக்.

வாளிக்குள்ளிருந்து வந்தது. மூடிய பலகையை உள்ளேயிருந்து தட்டுவது போல.

விளக்கைத் திருப்பினான். ஏணியின் கீழ்ப்படியில் கூலண்டின் பச்சை நிறத்தில் ஒரு கைத்தடம், இன்னும் ஈரமாக. அடுத்த படியில் இன்னொன்று. அதற்கு மேலே எதுவும் இல்லை. ஏறமுடியாமல் அங்கேயே நின்றுவிட்டதுபோல் இருந்தது.

உப்புத்தண்ணீர் குடித்துச் செத்தவனுக்குத் தாகம் அடங்காது என்பார்கள்.

"மன்னிச்சிருடா," என்று முணுமுணுத்தான். கருமமே கண்ணாக வேலையை முடித்தான். குற்றமுள்ள நெஞ்சு முன்யோசனையோடுதான் வந்திருந்தது. கரையில் நின்ற மோட்டார்சைக்கிளின் பக்கவண்டியில் வேறொரு கூலர் தயாராக இருந்தது. அதை மாட்டி, எஞ்சினை ஓட்டிப் பார்த்தான். சூடும் ஏறவில்லை, தண்ணீரும் இறங்கவில்லை. பழசைச் சாக்கில் சுற்றிப் பக்கவண்டியில் போட்டான். பாலம் தாண்டினால் அவன் பட்டறை.

நுவான் ஓடிவந்து பின்னால் ஏறிக்கொண்டாள். கோயிலுக்குப் போகவேண்டுமாம், வழியில் இறக்கிவிட்டால் போதுமாம்.

செத்தவனோடு பாலம் தாண்டும்போது, பாலம் வருகிறது, கூட வா என்று அவனிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அவன் இந்தக் கரையிலேயே தங்கிவிடுவான். தாவோன் வாயை இறுக மூடிக்கொண்டான். அவள் காதில் விழுந்துவிடும் என்ற பயம் பாதி. சனித் இங்கேயே தொலையட்டும் என்ற எண்ணம் மீதி. அந்த நினைப்பு அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

பாலத்தின் ஏற்றத்தில் நுவானின் குரல் கேட்டது.

"சனித், பாலம் வருதுடா. அக்கா கூடவே வந்துரு."

தாவோன் வேகத்தைக் குறைத்தான். "யார்கிட்ட பேசற?"

"எந்தப் பாலம் வந்தாலும் சொல்லுவேண்ணே. எங்க தவிச்சுக்கிட்டு நிக்கிறானோ."

பக்கவண்டி ஒரு குலுக்கலோடு தாழ்ந்தது.

வண்டி இழுக்கத் திணறியது. ஆள் ஏறி உட்கார்ந்த கனம். உப்பும் சேறும் கலந்த வாடை காற்றில் வந்தது.

கோயில் வாசலில் இறங்கிய நுவானின் முகம் அழுதும் சிரித்தும் கலங்கியிருந்தது. "இன்னிக்கு அவன் வந்துட்டாண்ணே. பக்கத்துல இருந்த மாதிரியே இருந்துச்சு. இனிமே நான் நிம்மதியா தூங்குவேன்."

தாவோன் வாயைத் திறந்தான். சாக்கை அவிழ்த்துக் காட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிக்கு உள்ளேதான் இருந்தார்.

"போய்ட்டு வா தங்கச்சி," என்றான்.

அவள் படியேறிப் போனாள். பக்கவண்டி நிமிரவில்லை.

அவளோடு யாரும் இறங்கவில்லை.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் தாவோன் தினமும் படுக்கிறான். நுவானின் படகில் இப்போது ஒரு சொட்டுகூடக் குறைவதில்லை. அவன் வீட்டுக் குடிதண்ணீர்ப் பானைதான், மூடி மூடியபடியே, விடிவதற்குள் வற்றிவிடுகிறது.