ஒரு ஸ்கூப் படபடப்பு

"லின்சீ...!"

அனுபமாவின் அலறலில் மைதானமே திரும்பிப் பார்த்தது.

நானூறு மீட்டர் தடை ஓட்டப் பயிற்சி. கடைசித் தடையைத் தாண்டிய லின்சி சுருண்டு விழுந்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடித்தாள்.

அப்புறம்... அசைவே இல்லை!

புத்தூர். தனியார் மருத்துவமனை. ஐசியூ வாசலில் இன்ஸ்பெக்டர் ஜீனத்தை மறித்தாள் டாக்டர் சௌமியா.

"இதயம் தாறுமாறா அடிக்குது மேடம். சின்ன வயசு, நல்ல உடம்பு. ஓடினதால வந்ததில்ல இது. ஏதோ ஊக்க மருந்து உள்ள போயிருக்கு."

"என்ன மருந்து?"

"அதைத்தான் நான் உங்ககிட்ட கேக்கறேன்! பிளட் ரிசல்ட் வர லேட்டாகும். தெரியாம நான் ஏதாவது கொடுத்தா அதுவே எமனாயிடும். சீக்கிரம் கண்டுபிடிங்க!"

வராந்தாவில் டிராக் சூட்டுடன் நின்றிருந்தாள் அனுபமா.

"நீ யாரும்மா அவளுக்கு?"

"ஃப்ரெண்ட் மேடம். காட்டூர்ல ஒரே ரூம். ஓடறதும் ஒரே ஈவென்ட்."

"காலையில என்ன சாப்பிட்டா?"

"புரோட்டீன் ஷேக் மட்டும்தான். புது டப்பா... இன்னிக்குத்தான் பிரிச்சோம்."

"கலக்கினது யாரு?"

அனுபமா தோளில் தொங்கிய கிட் பேக்கை இறக்கி வைத்தாள்.

"நான்தான்."

"நீயும் குடிச்சியா?"

"எனக்குப் பால் சேராது மேடம்..."

"ஓஹோ! நேஷனல் டீமுக்கு உங்க ரெண்டு பேர்ல எத்தனை பேரை எடுப்பாங்க?"

"ஒ... ஒருத்தரை."

ஜீனத்தின் பார்வை கூர்மையானது. கிட் பேக்கிலிருந்து டப்பா வெளியே வந்தது. பளபளக்கும் லேபிள். 'நூறு சதவீதம் சுத்தம்! லேப் டெஸ்ட் செய்யப்பட்டது!'

"அதை நம்பித்தான் வாங்கினா மேடம். டோப் டெஸ்ட்ல ஊக்க மருந்து தெரிஞ்சா வருஷக்கணக்குல தடை. டப்பாவில கலந்திருந்தது எனக்குத் தெரியாதுன்னு அழுதாலும் தப்பிக்க முடியாது. எங்க உடம்புக்குள்ள போறதுக்கு நாங்கதான் பொறுப்பு. தலைவலி மாத்திரைக்கே நாலு பேரைக் கேட்டுட்டுத்தான் போடுவா!"

ஜீனத் ஏட்டைப் பார்த்தாள். "டப்பாவை லேபுக்கு அனுப்புங்க பிச்சைமுத்து. நீ ஜீப்ல ஏறும்மா. கடையைக் காட்டு."

ஸ்ரீரங்கம். அம்மா மண்டபம் சாலை.

கடைச் சுவர் முழுக்க முறுக்கேறிய உடம்புகளின் படங்கள். கல்லாவில் இருந்த கடைக்காரன் ஜெய்சங்கருக்கோ தொப்பை மேஜையை முட்டியது.

"இம்போர்ட்டட் சரக்கு மேடம். ஒரிஜினல்!"

"இதைக் குடிச்ச பொண்ணு ஐசியூல கிடக்கா. செத்துட்டா கொலை கேஸ். முதல் குற்றவாளி நீதான்!"

ஜெய்சங்கரின் முகம் வெளுத்தது. திடீரென்று எழுந்தான். ஷெல்ஃபில் இருந்து அதே மாதிரி ஒரு டப்பாவை எடுத்தான். சீலைக் கிழித்தான். ஸ்கூப் ஸ்கூப்பாக அள்ளித் தண்ணீரில் கொட்டி...

"யோவ், நிறுத்து!"

ஜீனத் பாய்வதற்குள் மடமடவென்று குடித்து முடித்துவிட்டான்!

"பாத்தீங்களா? ஒண்ணும் ஆகாது! ஏன்னா... இதுல ஒண்ணுமே இல்ல மேடம்!"

"என்ன உளர்றே?"

"பால் பவுடர்... ஜவ்வரிசி மாவு... சாக்லேட் எசன்ஸ். அவ்வளவுதான்! மருங்காபுரியில என் மச்சினன் மாதவன் கலந்து அடைக்கிறான். லேபிளை நான் பிரின்ட் போடறேன். லேபாவது டெஸ்ட்டாவது! ஏமாத்தினேன், ஒத்துக்கறேன். சீட்டிங் கேஸ் போடுங்க. கொலை மட்டும் வேணாம்!"

ஜீனத் மெல்ல அனுபமா பக்கம் திரும்பினாள்.

டப்பாவில் வெறும் மாவு என்றால்... ஷேக்கில் மருந்தைக் கலந்தது யார்?

"மேடம்... நான் இல்ல! சத்தியமா நான் இல்ல!"

"கலக்கினது நீ. குடிக்காததும் நீ. அவ விழுந்தா அந்த இடம் உனக்கு. வண்டியில ஏறு. ரெண்டு பேரும் ஏறுங்க!"

காவிரிப் பாலத்தில் ஜீப் நகரவே இல்லை. முன்னே பஸ், அதற்கும் முன்னே லாரி. பிச்சைமுத்து ஹாரனை அமுக்கிய கையை எடுக்கவில்லை.

ஜீனத்தின் செல்போன் அலறியது. டாக்டர் சௌமியா!

"மேடம், மறுபடி பல்ஸ் ஏறுது! மருந்து பேர் தெரிஞ்சுதா, இல்லையா?"

ஜீனத் பின் சீட்டைப் பார்த்துச் சீறினாள்.

"இப்பவாவது சொல்லு அனுபமா. உன் ஃப்ரெண்ட் செத்துக்கிட்டிருக்கா!"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" அனுபமா வெடித்து அழுதாள். "அந்த இடம் எனக்கு வேணாம் மேடம். நான் ஓடவே மாட்டேன். அவ பொழைச்சா போதும்!"

"கொஞ்சம்... காத்து வர்ற மாதிரி தள்ளி உக்காருங்களேன்..."

இது ஜெய்சங்கர்.

சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. விரல்கள் தாமாகவே முழங்காலில் தாளம் போட்டன.

"என்னய்யா ஆச்சு?"

"ஒண்ணு... ஒண்ணுமில்ல மேடம்... காதுக்குள்ள யாரோ தவில் வாசிக்கிற மாதிரி..."

அனுபமா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அழுகை நின்றுபோனது.

"மேடம்! லின்சிக்கும் காலையில கை இப்படித்தான் நடுங்குச்சு! டென்ஷன்னு நெனச்சோம். இவருக்கும் அதேதான்!"

ஜீனத் அதிர்ந்தாள்.

கடை ஷெல்ஃபில் இருந்த டப்பா. சீல் உடையாத டப்பா. அனுபமா தொடாத டப்பா!

"உன் மச்சினனுக்குப் போன் போடு! ஸ்பீக்கர்ல!"

"மாப்ள..." ஜெய்சங்கருக்கு மூச்சு வாங்கியது. "புது சரக்குல என்னடா போட்டே?"

மறுமுனையில் உற்சாகக் குரல்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா மாமா? சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லல! கிக்கே இல்லன்னு ஜிம் பசங்க திட்டினாங்கள்ல? மனசு கேக்கல. ஆன்லைன்ல ஒரு பவுடர் வாங்கி, மூட்டைக்கு ரெண்டு கை அள்ளிப் போட்டேன். எப்படி, சும்மா ஜிவ்வுனு இருக்கா?"

"அடப்பாவி...!"

ஜெய்சங்கர் சரிந்தான். ஜீனத் செல்போனைப் பிடுங்கினாள்.

"போலீஸ் பேசறேன்! அந்தப் பவுடர் பாக்கெட்டைப் பேர் தெரியற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பு. இப்பவே!"

போட்டோ வந்தது. மறுகணமே சௌமியாவுக்குப் பறந்தது. ஜீனத் பாலத்தில் குதித்து, பஸ்ஸையும் லாரியையும் கையாலேயே ஒதுக்கி வழிவிட வைத்தாள்!

சாயங்காலம் லின்சி கண் விழித்தாள்.

"டீம் செலக்ஷன் ட்ரையல்ஸ்...?"

"இந்த வருஷம் இல்லடி." அனுபமா அவள் தலையைக் கோதினாள். "நானும் போகல."

"டோப் டெஸ்ட்ல மாட்டினா?"

"நாமளே முந்திக்கிட்டு எல்லாத்தையும் சொல்லிடலாம். சீல் உடைக்காத டப்பாக்களோட லேப் ரிப்போர்ட் தர்றேன்னு மேடம் சொல்லியிருக்காங்க. விசாரணை இருக்கும். என்ன முடிவு பண்ணுவாங்கனு தெரியல. ஆனா நான் கூட வருவேன்."

லின்சி கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் நீர் இறங்கியது. கை மட்டும் தோழியின் கையை விடவில்லை.

"உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன்மா," என்றாள் உள்ளே வந்த ஜீனத், அனுபமாவிடம்.

"நீங்க கேட்ட கேள்வியில நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டேன் மேடம்!"

இதற்குள் மாதவன் மணப்பாறை லாக்கப்பில் இருந்தான். காட்டூரிலிருந்து மருங்காபுரி வரை போலீஸ் ஜீப்புகள் ஜிம் ஜிம்மாக ஏறி இறங்கி டப்பாக்களை அள்ளிக்கொண்டிருந்தன.

பக்கத்து வார்டில் உடம்பெல்லாம் வயர்களோடு ஜெய்சங்கர். காவலுக்குப் பிச்சைமுத்து.

"பொழைச்சுக்குவானாம் மேடம். ஆனா ஒரே புலம்பல். 'நான் உண்மையைத்தானே சொன்னேன், உண்மையைத்தானே சொன்னேன்'ங்கறான்."

ஜீனத் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"பாவம்யா! ஆயுசுல முதல் தடவையா ஒரு உண்மை பேசினான்... அதுவும் பொய்யாப் போச்சு!"