தலைவரின் வலது கை

தலைவரின் வலது கோட்டுக்கை ஒரு விரற்கடை குட்டையாகியிருந்தது. இடது பக்கம் சரியாகத்தான் இருந்தது. செத்து ஆறு வருஷமான மனுஷனுக்கு ஒரு கை மட்டும் வளருமா என்ன? ராய்னா துணியை இழுத்துவிட்டாள். அது மறுபடி மேலேறிக்கொண்டது.

பராமரிப்பு என்று சொல்லி, தலைவரின் உடலைப் பதப்படுத்திக் காட்சிக்கு வைத்திருக்கும் மண்டபத்தை மூன்று வாரம் பூட்டி வைத்திருந்தார்கள். இன்று காலை திறப்பு. வெளியே பனியில் நிற்கும் ஜனங்களின் இருமல் வெண்கலக் கதவைத் தாண்டிக் கேட்டது. உள்ளே குளிரூட்டும் இயந்திரத்தின் முனகலும், மூக்கை அரிக்கும் மருந்து நெடியும், எத்தனை பன்னீர் தெளித்தாலும் அதற்கடியில் போகாமல் கிடக்கும், நிலவறையில் அழுகிய ஆப்பிள்போல ஓர் இனிப்பு வாடையும் இருந்தன. முகத்துக்கும் கைகளுக்கும் மெழுகும் பவுடரும் பூசுவது ராய்னாவின் வேலை. நாட்டுக்கே பவுடர் பூசி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு பிணம் பெரிய காரியமா?

வெல்கோவுக்காகத்தான் இந்தக் கண்றாவியெல்லாம். கூட்டுப்பண்ணைக்கு மாட்டைத் தரமாட்டேன் என்று வாய்விட்ட பாவத்துக்கு அவள் புருஷன் இரண்டு வருஷமாக பால்கன் மலைக்கு அந்தப்பக்கம் கைதி முகாமில் கிடந்தான். "வாயைப் பொத்திக்கிட்டு வேலையப் பாரு. பனி உருகுறதுக்குள்ள உன் வீட்டுக்காரன் வந்துடுவான்" என்று அதிகாரி பாய்ச்செவ் வாக்குக் கொடுத்திருந்தான். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் தினமும் இந்தச் சில்லிட்ட முகத்தைத் தொட்டாள்.

உதவிக்கு நின்று விளக்குப் பிடித்த பென்கா கிசுகிசுத்தாள். "என்னக்கா, கைரேகை பாக்குறீங்களா? அவரு ஜாதகந்தான் ஊருக்கே தெரியுமே!"

"சும்மா இருடி. விளக்கைக் கிட்ட கொண்டா."

மோதிர விரலில் ஒரு பள்ளம் இருந்தது. வருஷக்கணக்காக மோதிரம் அழுத்திய பள்ளம். அவர்கள் ஊரில் கல்யாண மோதிரம் வலது கைக்குத்தான். தலைவரோ கட்சியைக் கட்டிக்கொண்டேன் என்று மேடைக்கு மேடை முழங்கிய கட்டைப் பிரம்மச்சாரி.

ராய்னா அந்தக் கையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மெழுகைத் துணியால் துடைத்தாள். சுண்டுவிரல் வெளிப்பக்கம் கோணியிருந்தது. வண்டிச் சக்கரத்தில் நசுங்கி, பிளம் குச்சி வைத்து அவளே கட்டிய விரல். கோணலாகக் கட்டிவிட்டாய் என்று வெல்கோ எத்தனை நாள் சிரித்திருக்கிறான்!

பின்னால் பூட்ஸ் சத்தம். பாய்ச்செவ்.

"பழைய கை கெட்டுப்போச்சு. புதுசா மெழுகுல செஞ்சு பொருத்தியிருக்கு. அந்தப் பள்ளத்தை அடைச்சிடு, சீக்கிரம்."

மெழுகாம். மெழுகுக்கு ரோமம் முளைக்குமா?

"தோழரே... என் புருஷன்?"

"அவனா? போன மாசமே விட்டாச்சே."

"வீட்டுக்கு வரலையே!"

"வருவான், வருவான்." அவன் கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பிறகு பென்காவைக் கூட்டிக்கொண்டு கதவைத் திறக்கப் போனான்.

பாவி. படுபாவிகளா. கத்தினால் பிடித்துக்கொண்டு போவார்கள். இனி யாருக்காகப் பயப்படுவது?

ஆனாலும் அவள் மெழுகை உருட்டினாள். விரலில் வைத்தாள். குளிர். கல் மாதிரி குளிர்.

"வெல்கோ," என்றாள், உதடு அசையாமல்.

விரல்கள் மடங்கின.

மெதுவாக. அவள் விரல்களைச் சேர்த்து. இழுத்தாள். விடவில்லை. தலைவரின் முகம் அப்படியே இருந்தது. கண் மூடி. கை மட்டும்.

கதவு திறந்தது. வெளிச்சம். காலடிகள். தொப்பியைக் கழற்றியபடி தடுப்புக் கயிற்றுக்கு அந்தப்பக்கம் ஜனங்கள் ஊர்ந்து வந்தார்கள். காவலர்கள் நேரே பார்த்து நின்றார்கள். ராய்னா குனிந்தபடி நின்றாள். கன்னம் நனைந்தது.

தலையில் துணி கட்டிய ஒருத்தி நின்று, தானும் மூக்கைச் சிந்தினாள்.

"அழுவாதம்மா. அவரு எங்க போயிட்டாரு? நம்மகூடத்தான இருக்காரு."

பிடி இறுகியது.