முழுசா ஓடினது: 0

பதினேழாம் பாட்டுக்கு நேராக மட்டும் பூஜ்ஜியம் இருந்தது. செஞ்சியில் அந்த ஒப்பாரி கேட்காத தெருவே கிடையாது. கலைமதியின் நைனா செத்தபோதும் அதுதான் ஓடியது.

பாட்டுப் பேருக்குப் பக்கத்திலேயே அது எவ்வளவு பிடித்தது என்று காட்டும் ஐந்து நட்சத்திரமும், எத்தனை தடவை ஓடியது என்ற கணக்கும் தெரிய வேண்டும் என்று மைக்செட் கடைக்காரர் தாண்டவராயன் கேட்டிருந்தார். கலைமதி கடைக் கம்ப்யூட்டரில் இரண்டு பத்திகளைப் புதிதாகச் சேர்த்தாள். முழுசா ஓடினது. பாதியில் நின்றது. பதினேழுக்கு முதலாவதில் 0, இரண்டாவதில் 412.

பாடையைத் தூக்கியதும் பாட்டை நிறுத்திவிடுவது மைக்செட்காரர்கள் வழக்கம். முழுசாக ஓடவிட்டால், தூக்குகிறவர்கள் அடுத்த ஆளுக்கான பாடையோடு பாட்டு கேட்ட இடத்துக்கே வந்து நிற்பார்களாம். தாண்டவராயன் சிரிக்காமல் சொல்லியிருந்தார்.

மேல்மலையனூர் அமாவாசைக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டப் போனவர், பொம்பளப் புள்ள தனியாக இருக்குதே என்று ஷட்டரை இழுத்து வெளியே பூட்டிவிட்டுப் போயிருந்தார். வீட்டிலேயே முதல் டிகிரி வாங்கியவளை ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்துப் பூட்டியிருக்கிறார். அந்த ஆத்திரத்தில்தான் அவள் பதினேழை அமுக்கினாள். பூஜ்ஜியம் ஒன்றாகட்டுமே, இன்னா ஆயிடும்?

மத்தியான வெயிலில் தகரம் முறுகும் சத்தம், சூடேறிய ஒயர் வாடை, வெளியே பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டுவது, திருவண்ணாமலை பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிறவனின் கட்டைக்குரல், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பொம்பளைக் குரல் இழுத்து இழுத்து அழுதுகொண்டிருந்தது. பாதி தாண்டியபோது கரண்டி நின்றது. பிறகு பஸ்காரன். பிறகு காக்காய்கூட.

அவள் நிறுத்தும் பொத்தானை அமுக்கினாள். நிற்கவில்லை. ஒயரைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை. போன் போட்டாள்.

"அண்ணே, பதினேழு நிக்க மாட்டேங்குது."

அந்தப் பக்கம் தாண்டவராயன் குழாயைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எவ்ளோ பாக்கி இருக்குது?"

"ஒரு நிமிஷம். வந்து தொறந்துவுடுண்ணே."

"சாவி எங்கிட்ட இருக்குது புள்ள. நான் வர ஒரு மணி நேரமாவும்." குரல் இறங்கியது. "அதுக்கு முன்னாடி ஷட்டரு தொறந்தா, வெளிய வராத."

லைன் அறுந்தது.

ஷட்டரை உள்ளிருந்து குத்தினாள். கத்தினாள். தெருவில் ஆளே இல்லாத மாதிரி இருந்தது. பின்பக்கம் சுவர். ஜன்னல் கிடையாது.

பத்து விநாடி.

நாலு.

பாட்டு முடிந்தது.

பூஜ்ஜியம் ஒன்றானது. அதற்குப் பக்கத்தில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின. ஐந்தும்.

வெளியே பூட்டு தானாகத் திறந்து தரையில் விழுந்தது.

இவ்வளவு நேரம் திற, திற என்று குத்திய கையாலேயே ஷட்டரின் அடிக்கம்பியைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். அது ஏறியது. அவசரமில்லாமல் ஏறியது. ஒரு சாண் ஏறி நின்றது.

வெயில் உள்ளே வந்தது. அதில் எட்டுப் பாதங்கள், காய்ந்த மண்ணோடு. அவற்றுக்கு நடுவே, தரையில், இப்போதுதான் வெட்டிய பச்சை மூங்கிலில் கட்டிய பாடை. அதில் பூ மட்டும் இருந்தது.